நிக்ஸ் ஃபிளேக்கில் டெவலப்மென்ட் சாமான்கள் வெளியே கசிந்தால்: அறிகுறி வாரியாகச் சரிசெய்யும் முறை

ஃபார்மேட்டர், லின்ட்டர், கமிட் ஹூக், டெஸ்ட் ஓட்டும் கருவி எல்லாம் எனக்கு மட்டும்தான் வேண்டும், என் ஃபிளேக்கை எடுத்துப் பயன்படுத்துபவர் தலையில் அது ஏன் போய் விழுகிறது? நிக்ஸ் என்ற பேக்கேஜ் கருவிக்கு ஃபிளேக் (இன்புட்ஸ், அவுட்புட்ஸ் இரண்டையும் ஒரு ஃபிளேக்.நிக்ஸ் கோப்பில் சொல்கிற ப்ராஜெக்ட்) வெளியிடுகிற எல்லோருக்கும் ஒருநாள் வருகிற கேள்வி இது. ரஸ்ட்டின் கார்கோவிலும் ஜாவாஸ்கிரிப்ட்டின் என்பிஎம்மிலும் டெவலப்மென்ட்டுக்கு மட்டும் என்று எழுதி வைக்கத் தனி இடம் இருக்கிறது. ஃபிளேக்கின் இன்புட்ஸ் பகுதியில் அப்படி ஓர் இடமே கிடையாது, நாமேதான் பிரிக்க வேண்டும்.

கசிவு மூன்று இடங்களில் நடக்கும். லாக் ஃபைலில் (இன்புட்டுகளின் துல்லியமான வெர்ஷனைக் குறித்து வைக்கிற ஃபிளேக்.லாக்), எவால்யுவேஷனில் (நிக்ஸ் கோடைப் படித்து எதைக் கட்டுவது என்று கணக்கிடுகிற கட்டம்), பில்ட் முடிந்து வருகிற அவுட்புட்டில். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, லாக் வீங்கியிருக்கும்போது பேக்கேஜ் வரையறையை நோண்டினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதனால் முதலில் அறிகுறியைப் பாருங்கள், உங்களுக்குப் பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போங்கள்.

ஆரம்பிக்கும் முன் நிக்ஸ் --வெர்ஷன் ஓட்டி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே 2.19, 2.26 என்று இரண்டு எண்கள் வரும். பாதி குழப்பம் ஆளுக்கொரு வெர்ஷன் வைத்திருப்பதால்தான் வருகிறது.

## அறிகுறி 1: உங்கள் ஃபிளேக்கைச் சேர்த்தவரின் லாக் ஃபைல் வீங்குகிறது

அவர் சேர்த்தது உங்கள் ஒரு ஃபிளேக்கை மட்டும்தான். ஆனால் லாக்கைத் திறந்தால் நிக்ஸின் பொதுப் பேக்கேஜ் தொகுப்பான நிக்ஸ்பேக்கேஜஸே நிக்ஸ்பேக்கேஜஸ்_2, நிக்ஸ்பேக்கேஜஸ்_3 என்று வரிசையாக நிற்கிறது, நடுவே அவர் கேள்வியே படாத ட்ரீஃபெம்ட்-நிக்ஸ் (ஃபார்மேட்டர்களை ஓட்டுவது), கிட்-ஹூக்ஸ் (கமிட் ஹூக்குகளை அமைப்பது) எல்லாம் இருக்கின்றன.

முதலில் அந்த ரிப்போவில் நின்று நிக்ஸ் ஃபிளேக் மெட்டாடேட்டா ஓட்டுங்கள். இன்புட்டுகளை மரம் மாதிரி கிளை கிளையாகக் காட்டும். உங்கள் பெயருக்குக் கீழே தொங்குகிற கிளைகளில் எதெல்லாம் பேக்கேஜைக் கட்டத் தேவையில்லாதது என்று எண்ணிப் பாருங்கள்.

### அந்த இன்புட் உண்மையிலேயே வேண்டுமா?

செலவே இல்லாத தீர்வு, இன்புட்டையே தூக்கிவிடுவது. ஃபார்மேட்டர் நிரல்கள் பெரும்பாலும் நிக்ஸ்பேக்கேஜஸுக்குள்ளேயே இருக்கின்றன. ட்ரீஃபெம்ட் அங்கேயே இருக்கிறது, ஒரு ட்ரீஃபெம்ட்.டோமல் கோப்பை எழுதி வைத்துவிட்டு டெவ் ஷெல்லில் (நிக்ஸ் டெவலப் திறக்கிற வேலைச் சூழல்) அந்தப் பேக்கேஜைச் சேர்த்தால் நிறையப் பேருக்கு அதுவே போதும். நாலு வரி நிக்ஸ் குறையும் என்பதற்காக ஓர் இன்புட்டை இழுத்து வருவது உங்களுக்குச் சௌகரியமாக இருக்கலாம், அதைச் சுமப்பது உங்கள் ஃபிளேக்கை நம்பி வருகிற ஒவ்வொருவரும்.

### வேண்டும், ஆனால் நிக்ஸ்பேக்கேஜஸ் பல பிரதிகளாக வருகிறது

ஒவ்வோர் இன்புட்டுக்கும் உள்ளே இருக்கிற நிக்ஸ்பேக்கேஜஸை உங்களுடையதைப் பின்பற்றச் சொல்லி ஃபாலோஸ் எழுதுங்கள். பிரதிகள் குறையும். ஆனால் அந்த இன்புட்டுகளின் பெயர்கள் பயனர் லாக்கில் அப்படியேதான் இருக்கும், அதை ஃபாலோஸ் போக்காது.

### நீங்கள் பயனர் பக்கம் இருக்கிறீர்கள், அந்த ஃபிளேக்கை உங்களால் மாற்ற முடியாது

அந்த ஃபிளேக்கின் வேண்டாத இன்புட்டுக்கு ஃபாலோஸ் போட்டு, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெற்று மேற்கோள் குறிகளை மட்டும் வையுங்கள். அது உங்கள் சொந்த ஃபிளேக்கையே சுட்டும், லாக்கிலிருந்து அந்தக் கிளை உதிர்ந்துவிடும். நீங்கள் எடுத்துக்கொள்கிற அவுட்புட் அந்த இன்புட்டைத் தொடாதவரை ஒரு பிரச்சினையும் இல்லை. தொட்டால், இல்லாத அட்ரிபியூட்டைத் தேடி எவால்யுவேஷன் நின்றுவிடும், அப்போது அந்த வரியை எடுத்துவிட்டு அறிகுறி 2-க்குப் போங்கள்.

அப்புறம் ஒருநாள் அந்த ஃபிளேக்கின் ஆசிரியரே இன்புட்டை நீக்கிவிட்டால், இல்லாத இன்புட்டுக்கு ஓவர்ரைடு இருக்கிறது என்று நிக்ஸ் எச்சரிக்கும். பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் வரியை அழித்துவிடலாம் என்று அர்த்தம்.

### ஃபிளேக் உங்களுடையது, இன்புட்டும் கட்டாயம் வேண்டும்

அப்படியென்றால் டெவலப்மென்ட் இன்புட்டுகளைத் தனி ஃபிளேக்காகப் பிரிப்பதுதான் வழி. அந்த முறை அடுத்த அறிகுறிக்குள் இருக்கிறது.

## அறிகுறி 2: பேக்கேஜை மட்டும் பில்ட் செய்தாலும் லின்ட்டர் கருவிகளின் சோர்ஸ் இறங்குகிறது

லாக்கில் பெயர் இருப்பதாலேயே அது டவுன்லோடு ஆகிவிடாது. கேட்கும்போதுதான் நிக்ஸ் ஓர் இன்புட்டை எடுக்கும். யாரும் கேட்காமல் அது இறங்குகிறது என்றால், பேக்கேஜை எட்டுகிற பாதையில் எங்கேயோ ஒரு வரி அதைத் தொடுகிறது.

கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை. ஒரு காலி டைரக்டரியில் ஒரு ஃபிளேக்.நிக்ஸ் வையுங்கள், அவுட்புட்ஸ் ஒரு வெற்று செட்டைத் திருப்பினால் போதும். பிறகு உங்கள் ப்ராஜெக்டில் நிக்ஸ் பில்ட் கட்டளையோடு --ஓவர்ரைடு-இன்புட் சேர்த்து, சந்தேகப்படுகிற இன்புட்டுக்குப் பதில் இந்தக் காலி ஃபிளேக்கைக் கொடுங்கள். லாக் ஃபைல் மாறாது, தைரியமாக ஓட்டலாம். பில்ட் ஓடினால் அந்த இன்புட்டை உங்கள் பேக்கேஜ் தொடவில்லை. எந்த அட்ரிபியூட் இல்லை என்று கத்துகிறதோ, அந்த இடம்தான் கசிவு.

### ஃபிளேக்-பார்ட்ஸ் பயன்படுத்துகிறீர்கள், மாட்யூலை மேலேயே இம்போர்ட் செய்திருக்கிறீர்கள்

ஃபிளேக்-பார்ட்ஸ் என்பது ஃபிளேக்கை மாட்யூல்களாகப் பிரித்து எழுத உதவுகிற லைப்ரரி. என்னைக் கேட்டால் இந்தக் கோளாறுக்கு முதல் காரணம் இதுதான். இம்போர்ட்ஸ் பட்டியலில் இன்புட்ஸ்.ட்ரீஃபெம்ட்-நிக்ஸ்.ஃபிளேக்மாட்யூல் என்று ஒரு வரி இருந்தால், எந்த அவுட்புட்டைக் கேட்டாலும் மாட்யூல்களை எல்லாம் ஒன்றுசேர்த்த பிறகுதான் பதில் வரும், அதனால் பேக்கேஜை மட்டும் கேட்பவரும் ட்ரீஃபெம்ட்டை இறக்கியே ஆக வேண்டும். டெவ் ஷெல்லுக்குள் மட்டும் அந்தப் பெயரை எழுதியிருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது.

தீர்வு ஃபிளேக்-பார்ட்ஸிலேயே இருக்கிற பார்டிஷன்ஸ் மாட்யூல். செய்ய வேண்டியது இதுதான். டெவ் என்று ஒரு டைரக்டரி, அதற்குள் ஒரு ஃபிளேக்.நிக்ஸ், அதன் இன்புட்ஸில் டெவலப்மென்ட் சாமான்கள் மட்டும், அவுட்புட்ஸ் வெற்று செட். முதன்மை ஃபிளேக்கில் பார்டிஷன்ஸ் மாட்யூலை இம்போர்ட் செய்து, பார்டிஷண்ட்அட்ர்ஸ் என்பதன் கீழ் டெவ்ஷெல்ஸ், செக்ஸ், ஃபார்மேட்டர் மூன்றையும் டெவ் என்ற பார்டிஷனுக்குக் கொடுங்கள். அந்தப் பார்டிஷனின் எக்ஸ்ட்ராஇன்புட்ஸ்ஃபிளேக் ஆக ./டெவ் பாதையைக் கொடுத்து, ட்ரீஃபெம்ட் இம்போர்ட்டை அதன் மாட்யூலுக்குள் நகர்த்துங்கள். கடைசியாக முதன்மை ஃபிளேக்கின் இன்புட்ஸிலிருந்து அந்தப் பெயர்களை அழியுங்கள். இதைச் செய்த பிறகு உங்கள் பயனர் லாக்கில் அவை வரவே வராது, அறிகுறி 1-ம் சேர்ந்தே தீர்ந்துவிடும்.

பிரித்த கையோடு வருகிற சிக்கல்கள் மூன்று. நிக்ஸ் ஃபெம்ட் திடீரென்று ஃபார்மேட்டரே இல்லை என்றால், பார்டிஷண்ட்அட்ர்ஸில் ஃபார்மேட்டர் விட்டுப்போயிருக்கிறது. ட்ரீஃபெம்ட் என்ற ஆப்ஷனே கிடையாது என்று பிழை வந்தால், அதன் அமைப்புகளில் ஏதோ ஒரு வரி இன்னும் முதன்மை ஃபிளேக்கின் பெர்சிஸ்டத்துக்குள் (ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் தனித்தனியாக எழுதுகிற பகுதி) கிடக்கிறது, அதையும் பார்டிஷன் மாட்யூலுக்குள் கொண்டுபோங்கள். மூன்றாவது மெதுவாக வரும். வாரா வாரம் லாக்கைப் புதுப்பிக்கிற தானியங்கி வேலை மேலே இருக்கிற லாக்கை மட்டும் தொடும், டெவ் டைரக்டரியின் லாக் அப்படியே பழசாகிக்கொண்டிருக்கும். அதற்குத் தனியாக நிக்ஸ் ஃபிளேக் அப்டேட் --ஃபிளேக் ./டெவ் ஓட்ட வேண்டும். 2.19-லிருந்துதான் இந்த வடிவம். அந்த வெர்ஷனில் பாதை கொடுக்கிற இடத்தை இன்புட் பெயர்கள் எடுத்துக்கொண்டுவிட்டன, பழைய பழக்கத்தில் வெறும் ./டெவ் என்று கொடுத்தால் வேலைக்காகாது.

### ஃபிளேக்-பார்ட்ஸ் இல்லை

பேக்கேஜஸ், டெவ்ஷெல்ஸ் இரண்டுக்கும் பொதுவாக ஒரே பேக்கேஜ் செட்டை ஓவர்லேகளோடு (செட்டில் பேக்கேஜ்களைச் சேர்க்கிற, மாற்றுகிற ஃபங்ஷன்கள்) கட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். டெவலப்மென்ட் இன்புட்டின் ஓவர்லே அந்தப் பொதுச் செட்டில் இருந்தால் எல்லா அவுட்புட்டும் அதைத் தொட்டே தீரும். ஓவர்லே சேர்த்த செட் டெவ் ஷெல்லுக்கு ஒன்று, சுத்தமான செட் பேக்கேஜுக்கு ஒன்று என்று இரண்டாக்குங்கள். கூடுதலாக ஒரு முறை நிக்ஸ்பேக்கேஜஸை எவால்யுவேட் செய்கிற நேரம் டெவ் ஷெல் பக்கம் கூடும், அந்தச் செலவு உங்களோடு நின்றுவிடும், பயனருக்குப் போகாது.

## அறிகுறி 3: டெவ் டைரக்டரியில் தனி ஃபிளேக் வைத்தேன், அது திறக்கவே மாட்டேன் என்கிறது

### கோப்பு இல்லை என்று பிழை

கண் முன்னால் கோப்பு இருக்கும், நிக்ஸ் இல்லை என்று சாதிக்கும். கிட் ரிப்போவுக்குள் இருக்கிற ஃபிளேக்கில் கிட்டுக்குத் தெரிந்த கோப்புகள் மட்டும்தான் நிக்ஸுக்குத் தெரியும். கிட் ஆட் செய்யுங்கள், கமிட் வேண்டியதில்லை. அவ்வளவுதான்.

### திறக்கிறது, ஆனால் முதன்மை ஃபிளேக்கில் செய்த மாற்றம் தெரியவில்லை

டெவ் ஃபிளேக்கின் இன்புட்டாக மேல் டைரக்டரியையே கொடுத்திருக்கிறீர்கள். 2.26-க்கு முந்தைய நிக்ஸில் இந்த மாதிரிச் சார்புப் பாதைகள் ஒழுங்காக நடக்காது, லாக் செய்தபோது இருந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும் அல்லது பாதையையே ஏற்காது. 2.26-ல் ஒரே ரிப்போவுக்குள் இருக்கிற ஃபிளேக்குகள் சார்புப் பாதையால் ஒன்றையொன்று சுட்ட முறையான ஆதரவு வந்தது. குழுவில் எல்லோரும், சிஐ (பில்ட், டெஸ்ட் இரண்டையும் தானாக ஓட்டுகிற சர்வர்) உட்பட, அதற்கு மேல் இருக்கிறீர்கள் என்றால் பயன்படுத்துங்கள். ஒருவர் பழையதில் இருந்தாலும் வேண்டாம், மேலே சொன்ன பார்டிஷன்ஸ் முறைக்குப் போய்விடுங்கள், அதில் டெவ் ஃபிளேக் மேலே திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

## அறிகுறி 4: பேக்கேஜ் சிறியது, ஆனால் அவுட்புட்டோடு ஜிசிசி வரை வந்து சேர்கிறது

பெரும்பாலும் கன்டெய்னர் இமேஜ் கட்டும்போதுதான் இது கண்ணில் படும். சின்ன நிரல் ஒன்று, இமேஜ் நூற்றுக்கணக்கான எம்பி.

நிக்ஸ் பில்ட் முடித்ததும் நிக்ஸ் பாத்-இன்ஃபோ -ஆர்எஸ்எச் ./ரிசல்ட் ஓட்டுங்கள் (நடுவில் வருகிற எஸ் பெரிய எழுத்து). கூட வருகிற ஸ்டோர் பாதை (ஸ்டோர் என்பது நிக்ஸ் கட்டியதை எல்லாம் வைக்கிற டைரக்டரி) ஒவ்வொன்றும் அளவோடு வரும். அதில் இருக்கக் கூடாத ஒன்றை, சி கம்பைலரான ஜிசிசியோ பைத்தான் டெஸ்ட் கருவியான பைடெஸ்டோ, அதன் முழு ஸ்டோர் பாதையோடு காப்பி செய்து நிக்ஸ் வொய்-டிபெண்ட்ஸ் --பிரிசைஸ் ./ரிசல்ட் என்பதற்குப் பின்னால் ஒட்டுங்கள். எந்தப் பேக்கேஜிலிருந்து எதற்கு, எந்தக் கோப்பின் வழியாக என்று அம்புக்குறி போட்டுக் காட்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, நிறையப் பேர் விழுகிறார்கள். முழுப் பாதைக்குப் பதில் நிக்ஸ்பேக்கேஜஸ்#ஜிசிசி என்று கொடுத்தால், அது உங்கள் லாக்கில் இருக்கிற நிக்ஸ்பேக்கேஜஸ் அல்ல, ரெஜிஸ்ட்ரியில் (குறுகிய பெயர்களை ஃபிளேக் முகவரிகளாக மாற்றுகிற பட்டியல்) இருப்பது. இரண்டும் வேறு ரிவிஷன் என்றால் "சார்ந்திருக்கவில்லை" என்றே பதில் வரும், நீங்களும் நிம்மதியாக எழுந்து போய்விடுவீர்கள். பெயரால்தான் கேட்பேன் என்றால் --இன்புட்ஸ்-ஃப்ரம் . சேர்த்துக் கேளுங்கள்.

அம்புக்குறி எந்தக் கோப்பில் முடிகிறது என்பதைப் பொறுத்து வழி பிரியும்.

### அம்பு எங்கும் போகவில்லை, இமேஜிலேயே நேரடியாக இருக்கிறது

டெவ் ஷெல்லுக்கும் இமேஜுக்கும் ஒரே பட்டியலைப் பயன்படுத்தியிருப்பீர்கள். மேலே டூல்ஸ் என்று ஒரு மாறி, இரண்டு இடத்திலும் அதே. பட்டியலைப் பிரியுங்கள், ஐந்து நிமிட வேலை.

### நிக்ஸ்-சப்போர்ட் டைரக்டரிக்குள் இருக்கிற கோப்பில் முடிகிறது

ப்ராபகேட்டட்பில்ட்இன்புட்ஸில் (உங்கள் பேக்கேஜைப் பயன்படுத்துபவருக்கும் சேர்ந்தே போகிற பட்டியல்) தேவையில்லாத ஒன்று இருக்கிறது. பைத்தானில் இது சகஜம், பைடெஸ்ட்டை டிபெண்டன்சிஸ் பட்டியலில் எழுதிவிடுவார்கள், பயனர் எல்லோருக்கும் பைடெஸ்ட் போகும். நேட்டிவ்செக்இன்புட்ஸுக்கு நகர்த்துங்கள், டெஸ்ட் ஓடும்போது மட்டும் இருக்கும்.

### பின் டைரக்டரியில் இருக்கிற பைனரியில் முடிகிறது

பில்ட் நடக்கும்போது மட்டும் வேண்டிய கருவிகளுக்கான நேட்டிவ்பில்ட்இன்புட்ஸில் போட்டுவிட்டேனே, எப்படி வரும் என்று கேட்பார்கள். எந்தப் பட்டியலில் எழுதினீர்கள் என்பதை நிக்ஸ் பார்ப்பதில்லை, அவுட்புட் கோப்புகளுக்குள் அந்த ஸ்டோர் பாதையின் ஹாஷ் எழுத்துகள் கிடக்கின்றனவா என்று தேடுகிறது, கிடந்தால் அது ரன்டைம் டிபெண்டன்சி, அவ்வளவுதான் கணக்கு. அதனால் அந்த எழுத்து எப்படி உள்ளே போனது என்று பார்க்க வேண்டும்.

முதலில் டோன்ட்ஸ்ட்ரிப் (டீபக் தகவலை நீக்காதே என்று சொல்வது) எங்காவது ட்ரூவாக இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ ஒருநாள் டீபக் செய்யப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள், டீபக் தகவலுக்குள் ஹெடர் பாதைகள் எல்லாம் இருக்கும். அடுத்து ஸ்ட்ரிங்ஸ் கட்டளையால் பைனரிக்குள் அந்த ஹாஷைத் தேடி, சுற்றியுள்ள வரியைப் படியுங்கள். என்ஜினெக்ஸ் வெப் சர்வரின் -வி (பெரிய எழுத்து) தன் கான்ஃபிகர் ஆர்குமெண்ட்டுகளை முழுசாக அச்சிடும், பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி, கட்டப்பட்ட விவரத்தைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிற நிரல் என்றால் கம்பைலர் பாதையும் டெவ் ஹெடர் பாதையும் அந்த வரியில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஓடும்போது யாரும் அந்தப் பாதையைத் திறப்பதில்லை என்று உறுதியானால் ரிமூவ்ரெஃபரன்சஸ்டு என்ற ஹூக்கை நேட்டிவ்பில்ட்இன்புட்ஸில் சேர்த்து, போஸ்ட்இன்ஸ்டாலில் ரிமூவ்-ரெஃபரன்சஸ்-டு -டி, பாதை, கோப்பு என்று ஓட்டுங்கள். ஹாஷை வேறு எழுத்துகளால் மாற்றி எழுதிவிடும். உறுதியில்லை என்றால் தொடாதீர்கள், பில்ட் நன்றாக முடியும், பயனரிடம் போய்த்தான் உடையும்.

### ஹெடர், பிகேஜிகான்ஃபிக் கோப்பு, உதாரண ஸ்கிரிப்ட்டில் முடிகிறது

அவுட்புட்ஸில் அவுட், டெவ் என்று இரண்டு கொடுங்கள். இன்க்ளூடு, பிகேஜிகான்ஃபிக், சிமேக் கோப்புகளை நிக்ஸ்பேக்கேஜஸின் அடிப்படை பில்ட் சூழலான எஸ்டிடிஎன்வி தானே டெவ் அவுட்புட்டுக்கு நகர்த்திவிடும். உதாரண ஸ்கிரிப்ட்டுகளின் முதல் வரியில் பைத்தானோ பெர்லோ பாதையாக மாறியிருந்தால், அந்த ஸ்கிரிப்ட் பயனருக்குத் தேவையா என்று யோசியுங்கள். தேவையில்லை என்றால் இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

### சரியாகிவிட்டது, திரும்ப வராமல் இருக்க

டிரைவேஷனில் (பேக்கேஜின் பில்ட் வரையறை) டிஸ்அலவ்ட்ரெக்விசிட்ஸ் பட்டியலில் அந்தக் கம்பைலரை எழுதி வையுங்கள். மறுபடி எந்த வழியாக உள்ளே வந்தாலும் பில்ட் தோற்கும். டிஸ்அலவ்ட்ரெஃபரன்சஸ் என்றும் ஒன்று உண்டு, அது நேரடிச் சுட்டலை மட்டும் பார்க்கும், சுற்றி வந்தால் விட்டுவிடும். இந்த ஒரு வரியை எல்லோரும் எழுதிவைத்தால் இந்தப் பகுதியையே யாரும் படிக்க வேண்டியிருக்காது.

### எப்போது மற்றவரை அழைப்பது

அம்புக்குறி உங்கள் பேக்கேஜில் இல்லாமல் நிக்ஸ்பேக்கேஜஸில் இருக்கிற இன்னொரு லைப்ரரிக்குள் முடிந்தால், உங்கள் பக்கம் ஒட்டுப்போடாதீர்கள். அந்தப் பேக்கேஜின் மெட்டாவில் மெயின்டெய்னர்கள் யார் என்று இருக்கும், வொய்-டிபெண்ட்ஸ் காட்டிய வரிகளை அப்படியே வைத்து அவர்களுக்கு இஷ்யூ எழுதுங்கள்.

## அறிகுறி 5: டெவ் ஷெல்லில் ஓடுகிறது, நிக்ஸ் பில்டில் கட்டளை இல்லை என்கிறது

பிரித்த பிறகு வருகிற அறிகுறி இது. அவசரப்பட்டு அந்தக் கருவியை நேட்டிவ்பில்ட்இன்புட்ஸில் போட்டுவிடாதீர்கள், பில்டுக்கு அது உண்மையிலேயே வேண்டுமா என்று முதலில் மேக்ஃபைலைத் திறந்து பாருங்கள். ஆல் என்ற டார்கெட்டே லின்ட்டையும் கூப்பிடும், அதனால்தான் கருவி தேடப்படுகிறது. பில்ட் டார்கெட்டைத் தனியாக்கி, நிக்ஸில் அதை மட்டும் ஓட்டுங்கள். வெர்ஷன் எண்ணுக்காக கிட் டிஸ்க்ரைப் ஓடுகிறது என்றால் கிட்டைச் சேர்த்தாலும் பயனில்லை, ஃபிளேக் சோர்ஸுக்குள் .கிட் டைரக்டரி வராது. கமிட் ஹாஷைத் தருகிற செல்ஃப்.ரெவ்வை எடுத்துக் கொடுங்கள். கமிட் ஆகாத மாற்றங்கள் இருக்கும்போது அந்த அட்ரிபியூட் இருக்காது, அதற்கு ஒரு மாற்று மதிப்பும் எழுதுங்கள்.

கோடு ஜெனரேட் செய்கிற கருவி மாதிரி நிஜமாகவே வேண்டியது என்றால் நேட்டிவ்பில்ட்இன்புட்ஸ்தான் அதன் இடம். டெவ் ஷெல்லில் இன்னொரு முறை எழுத வேண்டாம். எம்கேஷெல்லின் இன்புட்ஸ்ஃப்ரம் பட்டியலில் உங்கள் பேக்கேஜைக் கொடுத்தால் அதன் பில்ட் டிபெண்டன்சிகள் தானாக வந்துவிடும், பேக்கேஜஸ் என்ற பட்டியலில் உங்களுக்கு மட்டுமான சாமான்களை எழுதுங்கள்.

### தலைகீழ்: டெஸ்ட் கருவி ஷெல்லில் இல்லை

இன்புட்ஸ்ஃப்ரம் கொடுத்தும் பைடெஸ்ட் வரவில்லையா? பேக்கேஜில் டூசெக் ஃபால்ஸாக இருக்கும். அப்போது நேட்டிவ்செக்இன்புட்ஸ் பில்டுக்குள்ளேயே சேராது, ஷெல்லுக்கும் வராது. டெஸ்ட்டை இயக்குங்கள், அல்லது பைடெஸ்ட்டை ஷெல்லின் பேக்கேஜஸில் தனியாக எழுதுங்கள்.

## அறிகுறி 6: டெவ் ஷெல்லில் ஒரு கருவியைச் சேர்த்ததும் என் பைத்தான் ப்ராஜெக்ட் வேறு வெர்ஷன் லைப்ரரியை எடுக்கிறது

எக்கோ செய்து பைத்தான்பாத் மாறியை (பைத்தான் லைப்ரரிகளைத் தேடுகிற பாதை) பாருங்கள். ஏடபிள்யூஎஸ் கட்டளைக் கருவி போல பைத்தானில் எழுதப்பட்ட ஒன்றை ஷெல்லில் சேர்த்தால், பைத்தானின் செட்டப் ஹூக் அதன் லைப்ரரிகளையும் அந்தப் பாதையில் சேர்த்துவிடும். உங்கள் ரிக்வெஸ்ட்ஸ் லைப்ரரிக்கு முன்னால் அவர்களுடையது நிற்கும். கருவியை நேரடியாகச் சேர்க்காமல், ரைட்ஷெல்ஸ்கிரிப்ட்பின் வைத்து ஒரு வரி ஸ்கிரிப்ட் எழுதி, அதற்குள் கருவியின் முழுப் பாதையை எக்ஸெக் செய்யுங்கள். ஷெல்லுக்குத் தெரிவது அந்த ஸ்கிரிப்ட் மட்டும், லைப்ரரிகள் வெளியே வராது.

## அறிகுறி 7: டெவ் லாக்கை மாற்றினேன், டைரென்வ் கண்டுகொள்ளவில்லை

டைரென்வ் என்பது டைரக்டரிக்குள் போனதும் சூழலைத் தானாக ஏற்றுகிற கருவி, அதை நிக்ஸோடு இணைப்பது நிக்ஸ்-டைரென்வ். அது மேலே இருக்கிற ஃபிளேக்.நிக்ஸையும் லாக்கையும்தான் கவனிக்கும். .என்விஆர்சியில் யூஸ் ஃபிளேக் வரிக்கு முன்னால் வாட்ச்_ஃபைல் டெவ்/ஃபிளேக்.நிக்ஸ் டெவ்/ஃபிளேக்.லாக் என்று சேருங்கள். சிஐ மெதுவாக இருக்கிறது என்பது வேறு சங்கதி. அதற்குக் கம்பைலரும் டெஸ்ட்டும் மட்டும் உள்ள சிறிய டெவ் ஷெல் ஒன்றை சிஐ என்ற பெயரில் வைத்து, நிக்ஸ் டெவலப் .#சிஐ ஓட்டினால் போதும், எடிட்டர் உதவிகள் எல்லாம் அங்கே எதற்கு.

## அறிகுறி 8: வெளியாள் ஒருவருக்கு உங்கள் ஃபிளேக் அனுமதி மறுக்கப்பட்டது என்று நிற்கிறது

டெவலப்மென்ட் இன்புட்டில் ஒன்று தனியார் ரிப்போ. சாதாரண பில்டில் யாரும் அதைத் தொடாததால் மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கும், யாராவது நிக்ஸ் ஃபிளேக் ஆர்க்கைவ் ஓட்டினால் எல்லா இன்புட்டையும் எடுக்கப் போய் அங்கே நிற்கும். டெவ் ஃபிளேக்குக்குப் பிரித்தால் வெளியாளுக்குச் சரியாகிவிடும்.

ஆனால் அதைச் செய்யும் முன் லாக் ஃபைலைத் திறந்து அந்த இன்புட்டின் முகவரியைப் படியுங்கள். முகவரிக்குள்ளேயே டோக்கனை எழுதியிருந்தால் அது லாக்கில் அப்படியே எழுத்தாக இருக்கும், கிட் வரலாற்றிலும் இருக்கும். ஃபிளேக் சோர்ஸ் ஸ்டோருக்குள் போகிறது, ஸ்டோரை அந்த மெஷினில் இருக்கிற எல்லோரும் படிக்கலாம், பைனரி கேஷுக்குத் தள்ளியிருந்தால் அங்கேயும் போயிருக்கும். இந்த இடத்தில் நீங்களாகச் சரிசெய்ய முயல வேண்டாம். கமிட்டை அழிப்பதற்கு முன்பே, அந்த டோக்கனை வழங்கிய நிர்வாகியையோ உங்கள் பாதுகாப்புக் குழுவையோ கூப்பிட்டு அதை ரத்து செய்யச் சொல்லுங்கள். புது டோக்கன் நிக்ஸ்.கான்ஃபில் ஆக்சஸ்-டோக்கன்ஸ் வரியில் இருக்கட்டும், ரிப்போவுக்குள் வேண்டாம்.